பறந்து திரிந்த பரிசோதனைச்சாலை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

புதுமைக்குப் பூமாலை சூட்டும் காலம் இது. கையிலிருக்கும் செல்பேசிக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டால் அதைப் பழசு என்கிறோம். ஐந்து ஆண்டு ஓடிய இருசக்கர வண்டியை விற்றுவிடத் துடிக்கிறோம். அரசு அலுவலகங்களிலே ‘கண்டம்’ என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு மேசையோ, ஒரு ஜீப்போ, ஒரு நுண்ணோக்கியோ இனிப் பயன்படாது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் அது கண்டமான பொருள். அதற்குப் பிறகு அதன் கதி ஏலமும் எடைத் தராசும்தான்.

ஆனால், நண்பர்களே, ஒரு பொருள் எப்போது பழையதாகிறது? பிறந்த ஆண்டைக் கொண்டா, செய்த வேலையைக் கொண்டா, இனிச் செய்யக்கூடிய வேலையைக் கொண்டா? இக்கேள்வி ஏதோ தத்துவக் கேள்விபோலத் தோன்றலாம். எங்கள் வீட்டில் இது அன்றாடச் சோற்றோடு ஒட்டிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், இக்கேள்விக்கு விடையாக உலகையே சுற்றிவந்த ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வளிமண்டலம் பற்றிய பாடத்தின்போது ஓசோன் படலத்தை விளக்கிக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர், “அந்த ஓட்டையை அளந்ததில் ஒரு பழைய பயணிகள் விமானத்துக்கும் பங்கு உண்டு” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. நூலகத்திலும் செல்பேசியிலும் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு விமானத்தின் கதையாக மட்டும் தோன்றவில்லை.

பயணியாய்ப் பிறந்தது

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் கட்டிய டி.சி.-8 என்னும் விமான வகை முதன்முதலாக 1958 மே 30-ஆம் நாள் வானில் எழும்பியது. பெருங்கடல்களைத் தாண்டும் ஜெட் விமானங்களின் முதல் தலைமுறை அது. 1972-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை 556 விமானங்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று 1969-இல் பிறந்தது. மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டு அது. இத்தாலியின் அலிட்டாலியா நிறுவனத்துக்காகப் பயணிகளைச் சுமந்து, பின்னர் அமெரிக்காவின் பிரானிஃப் நிறுவனத்திடம் சேர்ந்தது. மற்றப் பயணி விமானங்களைப் போலவே அதுவும் கொஞ்ச காலம் உழைத்துவிட்டுப் பாலைவனத்து விமானக் கிடங்கில் உறங்கப் போயிருக்க வேண்டியது.

விதியை மாற்றியது ஒரு விபத்து. நாசா நிறுவனம் அதற்கு முன்பு கான்வேர் 990 என்னும் விமானத்தைப் பறக்கும் ஆய்வுக்கூடமாக வைத்திருந்தது. ‘கலிலியோ’ என்று பெயரிடப்பட்ட முதல் விமானம் 1973 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் தரையிறங்கும் நேரத்தில் கடற்படை விமானம் ஒன்றோடு மோதிற்று. இரண்டிலுமாகப் பதினாறு உயிர்கள் போயின. அதற்கு மாற்றாக வந்த ‘கலிலியோ இரண்டு’, 1985 ஜூலையில் மேலெழும் வேளையில் டயர் வெடித்துத் தீப்பிடித்தது. உள்ளிருந்தோர் எல்லோரும் உயிர் தப்பினர், கருவிகள் சாம்பலாயின. வானில் அறிவைத் தேடுவதற்கும் விலை உண்டு என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

அப்படி வெறுமையாகிப்போன இடத்தில்தான் நம் டி.சி.-8 வந்து சேர்ந்தது. நாசா அதை வாங்கியபோது அதற்கு வயது பதினாறுக்கு மேல். புத்தம் புது விமானம் வாங்கப் பணம் வேண்டும். வாங்கிய பிறகு அதன் உடலில் துளையிட மனம் வேண்டும். பழைய விமானத்தில் இரண்டு கவலையும் குறைவு.

உருமாற்றம்

முதலில் இதயத்தை மாற்றினார்கள். பழைய நான்கு எஞ்சின்களுக்குப் பதிலாக சி.எஃப்.எம்.-56 என்னும் புதுவகை எஞ்சின்கள் நான்கு பொருத்தப்பட்ட ‘72’ வரிசை விமானம் அது. எரிபொருள் குறைவாகக் குடிக்கும், இரைச்சலும் குறைவு. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டரை இடைநில்லாமல் கடக்கவும், பன்னிரண்டு மணி நேரம் வானிலேயே இருக்கவும், பதின்மூன்று டன்னுக்கு மேற்பட்ட கருவிகளைச் சுமக்கவும் அதனால் முடிந்தது. கடலின் தலையைத் தடவுவதுபோல் சில நூறு அடி உயரத்திலும் பறக்கும். நாற்பதாயிரம் அடிக்கு மேலேயும் ஏறும். இந்த இரண்டு எல்லைக்கும் இடையே ஏறி இறங்கக்கூடிய உறுதியும், அத்தனை விஞ்ஞானிகளையும் உடன் ஏற்றிச் செல்லும் இடமும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

அடுத்து வயிற்றைக் காலி செய்தார்கள். பயணிகளின் இருக்கை வரிசைகள் போயின. அந்த இடத்தில் கருவிகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் வந்தன. சன்னல் கண்ணாடிகள் சில கழற்றப்பட்டு, வெளிக்காற்றை உள்ளே இழுத்துவரும் குழாய்கள் பொருத்தப்பட்டன. கூரையிலும் அடிவயிற்றிலும் லேசர் ஒளி வெளியேறுவதற்கான கண்ணாடித் துளைகள். நாற்பது பேர் வரை காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு, அவரவர் கருவிக்கு முன்னால் அமர்ந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். விஞ்ஞானிகளின் விருப்பத்தை விமானிக்கும், விமானியின் எச்சரிக்கையை விஞ்ஞானிக்கும் எடுத்துச் சொல்ல ‘பணி இயக்குநர்’ என்றொருவர் உண்டு. “இன்னும் ஆயிரம் அடி இறங்க முடியுமா?” என்று ஒருவர் கேட்பார். “எதிரே இடிமேகம்” என்று பதில் வரும். நம் செய்முறை வகுப்பில் ஒரு ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது மேசை ஆடினாலே முகம் சுளிக்கிறோம். அவர்களுடைய மேசையோ மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது!

தென்துருவத்து ஓட்டை

1985-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அண்டார்க்டிகா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் ஓர் அதிர்ச்சியான செய்தியை வெளியிட்டார்கள். தென்துருவத்தில் வசந்த காலம் பிறக்கும்போது தலைக்கு மேலுள்ள ஓசோன் படலம் பெருமளவு கரைந்துபோகிறது என்பதே அது. காரணம் என்ன? குளிர்பதனப் பெட்டியிலும் வாசனைத் தெளிப்பானிலும் மனிதன் அடைத்துவைத்த குளோரோ ஃப்ளோரோ கார்பன்தான் என்றார்கள் சிலர். காற்றோட்டத்தின் மாறுதல் என்றார்கள் வேறு சிலர். வாதத்தால் தீராத வழக்கை அளவையால் தீர்க்க வேண்டியதாயிற்று.

1987 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சிலி நாட்டின் தென்கோடி நகரமான புன்டா அரீனாசிலிருந்து இரண்டு விமானங்கள் புறப்பட்டன. ஒன்று ஈ.ஆர்.-2, ஒற்றை விமானி மட்டும் அமர்ந்து ஓசோன் படலத்துக்கு உள்ளேயே நுழைந்து பார்க்கும் உயரப் பறவை. மற்றொன்று நம் டி.சி.-8. இது படலத்துக்குக் கீழே நெடுந்தூரம் பறந்து, கூரைத் துளை வழியாக மேல்நோக்கி லேசர் ஒளியைச் செலுத்திற்று.

இங்கே நம் பாடம் உயிர் பெறுவதைக் கவனியுங்கள். இரண்டு அலைநீளமுள்ள ஒளித்துடிப்புகளை மேலே அனுப்புகிறார்கள். ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும். மற்றொன்றை அவ்வளவாக உறிஞ்சாது. இரண்டும் காற்றில் பட்டுச் சிதறித் திரும்பி வருகின்றன. திரும்பி வரும் நேரம் உயரத்தைச் சொல்கிறது. இரண்டின் வலிமைக்கும் உள்ள வேறுபாடு ஓசோனின் அளவைச் சொல்கிறது. லிடார் என்னும் கருவியின் தத்துவம் இவ்வளவே. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் உறிஞ்சல் விதியைக் கொண்டு, ஏறவே முடியாத உயரத்தை எட்டிப் பிடித்துவிட்டார்கள்!

ஈ.ஆர்.-2 கொண்டுவந்த அளவைகளில் குளோரின் மோனாக்சைடு எங்கெல்லாம் ஏறுகிறதோ அங்கெல்லாம் ஓசோன் இறங்குவது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தது. குற்றவாளி பிடிபட்டான். அதே 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் கனடாவின் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி, ஓசோனைத் தின்னும் பொருள்களைக் குறைப்பதாக ஒப்பந்தம் செய்தன. பின்னாளில் அவ்வொப்பந்தம் மேலும் மேலும் இறுக்கப்பட்டதற்கு இத்தகைய அளவைகளே அடித்தளம். மனித குலம் ஒன்றுபட்டு ஒரு தவற்றைத் திருத்திக்கொண்ட அரிய வரலாற்றில், பயணிகளை இறக்கிவிட்டுக் கருவிகளை ஏற்றிக்கொண்ட ஒரு பழைய விமானத்துக்கும் ஒரு வரி உண்டு.

பனியின் எடை

துருவப் பனி உருகுகிறதா, எவ்வளவு உருகுகிறது என்று அளந்துவந்த ஐஸ்சாட் என்னும் செயற்கைக்கோளின் லேசர் 2009-இல் நின்றுபோயிற்று. அடுத்த கோள் 2018 செப்டம்பரில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பனி காத்திருக்குமா? கோள் விட்ட இடத்தை விமானங்கள் நிரப்பின. ‘ஐஸ்பிரிட்ஜ்’ என்று பெயரிட்ட அந்தப் பணியில், அண்டார்க்டிகாப் பகுதிக்குப் பல ஆண்டுகள் சென்றுவந்தது டி.சி.-8.

புன்டா அரீனாசிலிருந்து பனிக்கண்டம் போகவே பல மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. நடுவே கிடைக்கும் சில மணி நேரத்தில் பனிக்கு மேல் 1,500 அடி உயரத்தில் தாழப் பறக்க வேண்டும். லேசர் பனியின் மேற்பரப்பை அளக்கும். ரேடார் அலை பனியை ஊடுருவி அடியிலுள்ள பாறையைத் தொட்டுத் திரும்பும். இரண்டையும் கழித்தால் பனியின் கனம். 2011 அக்டோபரில் இப்படிப் பறந்தபோது பைன் ஐலண்ட் பனியாற்றின் மிதக்கும் நாக்கில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடுவதை விமானத்திலிருந்தவர்கள் கண்டார்கள். எண்பது மீட்டர் அகலம். ஐம்பது மீட்டருக்கு மேற்பட்ட ஆழம். 2013 ஜூலையில் அந்த விரிசல் முற்றி, ஏறக்குறைய 720 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள பனிப்பாளம் பிய்ந்து கடலில் மிதந்தது.

உலகத்தின் மூச்சு

எனக்கு மிகவும் பிடித்த பயணம் 2016 முதல் 2018 வரை நடந்த ‘ஏடாம்’ பயணம். நகரத்துக் காற்றை அளக்கப் பலர் இருக்கிறார்கள். ஆளில்லாத நடுக்கடலின் காற்றை அளப்பவர் யார்? வடதுருவப் பகுதியிலிருந்து பசிபிக் பெருங்கடல் வழியே தெற்கு நோக்கி நியூசிலாந்து வரை, அங்கிருந்து சிலி, பின் அட்லாண்டிக் வழியாக அசன்ஷன் தீவு, அசோர்ஸ், கிரீன்லாந்து எனத் திரும்பவும் வடக்கு. பருவத்துக்கு ஒன்றாக நான்கு முறை இந்த உலக வலம். அதுவும் நேர்கோட்டில் அல்ல. கடலுக்கு மேல் சில நூறு அடி வரை இறங்குவது, மீண்டும் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் ஏறுவது, மீண்டும் இறங்குவது. துணி தைக்கும் ஊசி துணிக்குள் ஏறி இறங்குவதுபோல் வானத்தைத் தைத்துக்கொண்டே போயிற்று விமானம். உள்ளே இருந்தவர்களின் குடல் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். மலைப்பாதையில் பேருந்தில் போகும்போதே எலுமிச்சம்பழத்தை முகர்கிறவர்கள் நாம்!

அந்தப் பயணங்களின் பயனாக, வெப்பமண்டலக் கடல்களின் மேல் உயரத்தில் நுண்துகள்கள் புதிது புதிதாகப் பிறக்கின்றன என்றும், அவை மெல்லக் கீழிறங்கி மேகத்துக்கு விதையாகின்றன என்றும் 2019-இல் அறிவித்தார்கள். மனிதர் வாழாத இடத்துக் காற்றிலும் மனிதர் செய்த புகை கலந்திருப்பதையும் கண்டார்கள்.

இவை மட்டுமா? 2010-இல் புயலுக்குள் பறந்தது. அதே ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், இட்டோகவா என்னும் குறுங்கோளைத் தொட்டுத் திரும்பிய ஜப்பானின் ஹயபுசா விண்கலம் ஆஸ்திரேலிய வானில் எரிந்து சிதறியதையும், அதன் மண்குடுவை மட்டும் தனித்து ஒளிர்ந்து இறங்கியதையும் நாற்பதாயிரம் அடி உயரத்தில் இருந்து படம் பிடித்தது. 2019-இல் அமெரிக்கக் காட்டுத்தீயின் புகைக்குள் புகுந்து வந்தது.

ஒரு கட்டத்தில் அளந்த விமானமே அளக்கப்படும் பொருளாகவும் ஆயிற்று. 2013, 2014 ஆண்டுகளில் கமலினா என்னும் எண்ணெய் வித்திலிருந்து எடுத்த எரிபொருளைச் சாதாரண எரிபொருளோடு சரிபாதி கலந்து டி.சி.-8-இன் எஞ்சினில் ஊற்றினார்கள். அது கக்கும் புகையைப் பின்னால் துரத்தி வந்த வேறு விமானங்கள் முகர்ந்து அளந்தன. கரித்துகள்கள் ஐம்பது முதல் எழுபது விழுக்காடு வரை குறைவதாக 2017-இல் வெளியான முடிவு கூறிற்று. பிறர் நலத்துக்காகத் தன் மூச்சையே சோதனைக்குக் கொடுத்த விமானம் என்று சொன்னால் மிகையாகாது.

கையும் கணக்கும்

இப்போது எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

என் தந்தை ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். அந்த வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் சரக்கு ஏற்றிய லாரி அது. அதன் முதுகில் கம்ப்ரசரையும் துளையிடும் கோபுரத்தையும் ஏற்றி, வேறொரு பிறவி கொடுத்துவிட்டார்கள். மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று ஆண்டில் எட்டு மாதம் அதோடுதான் என் தந்தையின் வாழ்க்கை. இருபதடி ராடு ஒவ்வொன்றாக இறங்கும்போது சத்தத்தைக் கேட்டே பாறை மாறுவதைச் சொல்வார். வெளியே பறக்கும் மாவு ஈரமாகிறதா என்று கையில் எடுத்துப் பார்ப்பார். இந்த ஆண்டோடு அந்த வண்டியை உடைப்புக்குப் போட்டுவிடலாம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறார். புது வண்டி வந்தால் புது ஆள் வருவான். ஐம்பத்தொரு வயது ஆபரேட்டரின் கதி என்ன? வண்டியோடு சேர்த்து அவரும் கண்டமா? இதுதான் எங்கள் வீட்டில் இரவு நேரத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

தீபாவளிக்கு அவர் வந்திருந்தபோது இந்த விமானத்தின் படத்தைக் காட்டினேன்.

“ஏனுங்கப்பா, அம்பது வருசத்துக்குப் பழைய விமானத்துல எப்படீங்க நம்பி ஏறுவாங்க? அதுவும் நடுக்கடலுக்கு மேல?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். “எத்தன மணி நேரம் ஓடுச்சு, எப்ப எதக் கழட்டிப் பாத்தாங்க, எதப் புதுசா மாட்டுனாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிருப்பாங்கல்ல கண்ணு? அதப் பாத்துட்டு ஏறுவாங்க. வருசத்தப் பாத்தா ஏறுவாங்க?”

நான் பல நாள் படித்து அறிந்ததும் அதுவேதான். விமானத்தின் வயதை ஆண்டால் மட்டும் கணக்கிடுவதில்லை. பறந்த மணி எத்தனை, ஏறி இறங்கிய தடவை எத்தனை என்பதே முக்கியம். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே காற்றழுத்த வேறுபாடு கூடி உடல் விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. அப்படித்தான் உலோகம் களைத்துப்போகிறது. பயணி விமானம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மணி பறக்கும். ஆய்வு விமானம் சில நூறு மணிதான் பறக்கும். எனவே, முறையாகக் கழற்றிப் பார்த்துப் பராமரித்தால், பிறந்த ஆண்டு பழையதாயிருந்தாலும் உடல் தளர்வதில்லை. டி.சி.-8-இன் விமானி அறையில் இரண்டு விமானிகளுக்குப் பின்னால் ‘விமானப் பொறியாளர்’ ஒருவருக்கும் இருக்கை உண்டு. எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் முட்களைப் பார்த்தே கண்காணிப்பவர் அவர். இக்கால விமானங்களில் அந்த இருக்கையே இல்லை, கணிப்பொறி எடுத்துக்கொண்டது.

என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். “நீ ஸ்பேனரத் தொடக் கூடாது கண்ணு. பேனுக்குக் கீழ சேர்ல உக்காரோணும்” என்பது என் தந்தையின் ஆசை. அந்த ஆசையின் நியாயம் அவருடைய கையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உறவினர்களோ, “மூணு வருசம் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போற?” என்று திருமணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் கேட்கிறார்கள். படித்தவன் ஒரு சாதி, கை அழுக்காகிறவன் வேறு சாதி என்று நம் சமுதாயம் ஒரு கோடு கிழித்துவைத்திருக்கிறது. பட்டம் வாங்குவது என்றால் அந்தக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம்.

அந்த விமானத்தில் அந்தக் கோடு இல்லை. ஓசோனை அறிந்த முனைவரும், எஞ்சினின் சத்தத்தை அறிந்த மெக்கானிக்கும் ஒரே பயணத்தில், ஒரே உணவுப் பொட்டலத்தை உண்டுகொண்டு, துருவத்துக்குப் போனார்கள். சன்னலைக் கழற்றிக் குழாய் பொருத்தியவன் கை நடுங்கியிருந்தால் விஞ்ஞானியின் அளவை பொய்யாகியிருக்கும். விஞ்ஞானியிடம் நல்ல கேள்வி இல்லாதிருந்தால் அந்த எஞ்சின்களின் உழைப்பு வீணாகியிருக்கும். கையும் கணக்கும் சேர்ந்ததே விஞ்ஞானம் என்பதை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாக அந்த விமானம் எனக்குச் சொல்லிற்று.

இன்னொரு செய்தியும் என்னை ஏங்க வைத்தது. 2009 முதல் நாசா பல கோடைக் காலங்களில் அமெரிக்க இளங்கலை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து டி.சி.-8-இல் ஏற்றிச் சென்றது. நம்மைப் போன்ற வயதினர்! கலிஃபோர்னியாவின் வயல்வெளிகளுக்கு மேல் தாழப் பறந்து, காற்றைக் குடுவையில் பிடித்து, ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்த்து, தாங்களே முடிவு எழுதினார்கள். நமக்கு விமானம் இல்லைதான். ஆனால் நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், நம் பெற்றோர் பிறந்த காலத்து நிறமாலைமானி ஒன்று இருக்கிறது. அதைக் கேலி பேசாதவர் இல்லை. சென்ற பருவத்தில் அதன் வெர்னியரைத் துடைத்து, மட்டம் பார்த்து, முப்பட்டகத்தை வைத்து, ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி ஒரு மணி நேரம் பொறுமையாகச் சரிசெய்தோம். சோடிய விளக்கின் மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. அக்கருவிக்குப் பார்வை மங்கவில்லை. அடுத்த முறை கண்டப் பட்டியல் தயாராகும்போது அதன் பெயரை எழுதுமுன் ஒரு தடவை அதன் வழியே பார்த்துவிடுங்கள் என்று நம் ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

ஓய்வு

எல்லாப் பழையதையும் என்றென்றும் ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று நான் வாதிட வரவில்லை. அப்படி வாதிட்டால் அது பாசமாகுமே தவிர விஞ்ஞானமாகாது. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த விமானத்துக்கு உதிரிப் பாகம் தேடுவது ஆண்டுக்காண்டு கடினமாகும். அதை அறிந்த மெக்கானிக்குகளும் ஒவ்வொருவராக ஓய்வு பெறுவார்கள். எனவே போயிங் 777 வகை விமானம் ஒன்றை நாசா வாங்கி, அடுத்த பறக்கும் ஆய்வுக்கூடமாக மாற்ற முனைந்தது. அதுவும் புதிதல்ல, ஜப்பானில் பயணிகளைச் சுமந்து ஓய்ந்ததுதான்!

2024-இன் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ், தென்கொரியா, தாய்லாந்து முதலிய ஆசிய நாடுகளின் காற்று மாசை அளந்ததே டி.சி.-8-இன் இறுதி ஆய்வுப் பயணம். ஏப்ரல் முதல் நாள் கலிஃபோர்னியாவின் பாம்டேல் தளத்துக்குத் திரும்பிற்று. அப்போது அதற்கு வயது ஐம்பத்தைந்து. நாசாவின் பணியில் மட்டும் முப்பத்தேழு ஆண்டுகள். அடுத்த மாதமே கடைசி முறையாகப் பறந்து ஐடஹோ மாநிலத்திலுள்ள பொகடெல்லோ என்னும் ஊரில் இறங்கியது.

எதற்காக அங்கே? அருங்காட்சியகத்தில் நிற்பதற்கு அல்ல. அவ்வூரிலுள்ள ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விமானப் பராமரிப்புப் பயிலும் மாணவர்களுக்குப் பாடமாக இருப்பதற்காக. அவர்கள் அதன் மேல் ஏறுவார்கள், கழற்றுவார்கள், மாட்டுவார்கள், தவறாக மாட்டி மீண்டும் கழற்றுவார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் நாட்டார் வழக்கு. இந்த யானை இறக்கவில்லை, வாத்தியாராகிவிட்டது.

இதை என் தந்தையிடம் சொன்னபோது அவர் விமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நம்ம வண்டில கத்துக்கிட்ட பசங்க இப்ப ஏழெட்டு வண்டில ஆபரேட்டரா இருக்கறாங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த நிமிர்வை நான் அதற்கு முன் கேட்டதில்லை. புது வண்டி வந்தால் அதில் ஏறப்போகும் இளைஞனுக்குப் பாறையின் சத்தத்தைச் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும் என்பதை முதலாளியிடம் பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். என்ன ஆகும் என்பது தைக்குப் பிறகு தெரியும்.

என்னைப் பொறுத்தவரை ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இளங்கலை முடிந்ததும் கருவிகளைப் பற்றிய படிப்பில் சேர முயல்வேன். மின்விசிறிக்குக் கீழ் நாற்காலி கிடைத்தால் மகிழ்ச்சி. கையில் ஸ்பேனரும் இருக்கும். அப்பாவுக்கு இதில் பாதி சம்மதம்தான். மீதிப் பாதியை மதிப்பெண்ணைக் காட்டி வாங்க வேண்டும்.

நண்பர்களே! நம் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பின்னால் தறியும், ஏரும், செங்கல் சூளையும், லாரியும் நிற்கின்றன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அறிவின் வானில் ஏற முடியும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பயணிகளைச் சுமந்த உறுதியான உடலை வைத்துக்கொண்டே துருவத்தை அளந்த விமானம் ஒன்று இருந்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். நம் பெற்றோர் கையில் உள்ள நுட்பத்தையும், நம் ஆசிரியர்கள் தரும் கணக்கையும் ஒன்றாகப் பூட்டி, இதுவரை யாரும் அளக்காத ஏதேனும் ஒன்றை நாமும் அளந்து பார்ப்போம்!